பட்டமும் பற்றுச்சீட்டும்



வாடைக்காற்று எழுந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அதற்கு வேறு அறிவித்தல் தேவையில்லை. மாலையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை நூலும் கையுமாய் நிற்கும் பிள்ளைகளும், இரவில் எங்கோ உயரத்திலிருந்து கேட்கும் விண்ணின் கூவலும் போதும். இந்த விடுமுறையில் நமது ஞாயிறு பாடசாலை மண்டபத்தில் பட்டம் கட்டும் பயிற்சி மீண்டும் நடைபெற இருக்கிறது. அதை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதில் நமக்குள்ளே இரண்டு கருத்துகள் உண்டு. என் கருத்தை இவ்வாரம் வெளிப்படையாய் எழுதிவிட விரும்புகிறேன்.

அளவாய் வெட்டிய மூங்கிற்குச்சிகள், மெல்லிய வண்ணத்தாள், ஒட்டுப்பசை, நூற்பந்து ஆகியவற்றை ஒரே பொதியாய்க் கடையில் வாங்கி, பிள்ளைக்கு ஒன்றாய்க் கொடுத்து, அதற்கான பணத்தை மட்டும் பெற்றோரிடம் பெற்றுக்கொள்ளலாம் என்று சிலர் கூறுகிறீர்கள். வேலை இலகு, மண்டபம் சுத்தம், பட்டங்களும் அழகாய் இருக்கும். கெட்ட யோசனை அன்று. சென்ற ஆண்டு அவ்வாறே செய்தோம். அதற்கு ஒப்புதல் அளித்தவனும் நானே. வாசலில் மேசை போட்டு, பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வைத்தோம். கட்டணம் மிகச் சிறியது என்று மேடையில் நின்று அறிவித்தேன்.

அன்று ஒரு சிறுவன் வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி வந்தது. பல மாதங்கள் கழித்து, வேறொரு காரியமாய் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவனுடைய தாயார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “காய்ச்சல் ஒண்டும் இல்லை ஐயா. காசு இல்லை எண்டு சொல்ல வெக்கப்பட்டு அவன்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னவன்.” அந்தத் தாயாரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அன்று மாலை கடற்கரையில் நமது பிள்ளைகள் பட்டம் ஏற்றியபோது அவன் தன் வீட்டுப் படலைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தானாம். “மிகச் சிறியது” என்று நான் அறிவித்த தொகை, ஒரு பத்து வயதுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தது.

இயேசுவிடம் பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியதை மாற்கு எழுதியிருக்கிறார். அவர்கள் தீய எண்ணத்தோடு அப்படிச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒழுங்கு வேண்டும், போதகருக்கு ஓய்வு வேண்டும், கூட்டம் நெருக்கக்கூடாது என்றே எண்ணியிருப்பார்கள். ஆண்டவரோ அதைக் கண்டு விசனமடைந்தார். நான் வாசலில் வைத்த மேசையும் அத்தகைய ஒழுங்கின் பெயரால் வைக்கப்பட்டதுதான். ஆகவே என் கருத்து இது: பட்டப் பயிற்சிக்கு எந்தப் பிள்ளையிடமும் ஒரு சதமும் வாங்கக்கூடாது. வாங்கத் தேவையில்லாத அளவுக்கு அதன் செலவைக் குறைப்பது நமது பொறுப்பு.

அது இயலுமா என்று கேட்பீர்கள். ஒரு சிறிய பட்டத்துக்கு என்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தென்னோலையிலிருந்து சீவிய இரண்டு ஈர்க்குகள். பழைய நாளிதழின் ஒரு தாள். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் காய்ச்சிய பசை. ஒரு கோப்பை மாவில் மண்டபம் நிறைந்த பிள்ளைகளுக்குப் போதுமானது கிடைக்கும். வாலுக்குக் கிழிந்த சேலையின் கரை. இவற்றுள் எதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. பணம் கொடுத்து வாங்க வேண்டியது பருத்தி நூல் ஒன்றுதான். பெரிய பட்டத்துக்கு மூங்கில் வேண்டும். ஒரு முழு மூங்கிலைப் பிளந்து சீவினால் பல பட்டங்களுக்கு ஆகும்.

எனவே, பொருள்களைப் பொதுவில் சேர்ப்போம். வருகிற ஞாயிறு முதல் மண்டபத்தின் மூலையில் ஒரு கடகம் இருக்கும். வீட்டிலுள்ள ஈர்க்கு, நாளிதழ், பழந்துணி, நூல் எதுவாயினும் அதில் போட்டுவிடுங்கள். யார் போட்டது என்று எழுதி வைக்க மாட்டோம். முற்றத்தில் தென்னை இல்லாதவனும், முற்றமே இல்லாதவனும் அந்தக் கடகத்திலிருந்து எடுத்துக்கொள்வான். இலவசமாய்க் கிடைப்பதைப் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்று ஒரு மூப்பர் கூறினார். கையில் பசை காயக் காய இருந்து, தானே சீவி, தானே கட்டிய பொருளை எந்தப் பிள்ளையும் அலட்சியமாய் எறிவதில்லை என்பதே என் அனுபவம். பொதியில் வந்த பட்டங்களே சென்ற ஆண்டு மறுநாள் மண்டபத்தின் பின்னால் கிடந்தன.

அளவாய் வெட்டிய குச்சியோடு வரும் பொதியில் இன்னொரு குறையும் உண்டு. கற்றுக்கொள்ள வேண்டிய பகுதியை அது எடுத்துவிடுகிறது. ஈர்க்கை விரலில் வைத்து இருபுறமும் சமமாய்த் தாழ்கிறதா என்று பார்ப்பதும், கனத்த பக்கத்தைச் சிறிது சிறிதாய்ச் சீவுவதும்தான் பட்டம் கட்டும் கல்வி. முச்சை கட்டுவதும் அப்படியே. காற்று பலமாயிருந்தால் முச்சையின் முடிச்சைச் சற்று மேலே தள்ள வேண்டும். காற்று மெலிந்தால் சற்றுக் கீழே இறக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுத்தால் புரியாது. பட்டம் இரண்டு முறை தலைகுத்தி விழுந்து, பிள்ளை தானே முடிச்சை நகர்த்திப் பார்க்கும்போதுதான் புரியும். ஆகவே உதவிக்கு வரும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் கையிலிருந்து பட்டத்தை வாங்கித் திருத்தாதீர்கள். அருகில் அமர்ந்திருங்கள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடைபெறும் பட்டப்போட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கு ஏறுபவை அற்புதமான கைவேலைகள்; நானும் ஆண்டுதோறும் போய் வியந்து நிற்பவன். ஆனால் நமது மண்டபம் போட்டிக்களம் அன்று. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் ஒரு பெரும்பட்டம் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞரையே மேலே தூக்கிச் சென்ற காட்சியை உலகமே கண்டது. அவர் உயிர் தப்பியது தேவ கிருபை. நாம் பெரிய பட்டம் கட்டப்போவதில்லை, பரிசும் வழங்கப்போவதில்லை. கண்ணாடித்தூள் பூசிய நூலும் உலோகக் கம்பியும் மண்டபத்துக்குள் வரலாகாது. மின்கம்பியில் சிக்கிய பட்டத்தை எந்தப் பிள்ளையும் தடியால் எடுக்கக்கூடாது. அது போகட்டும், இன்னொன்று கட்டலாம். ஒரு தாளும் இரண்டு ஈர்க்கும் தானே!

அயலிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் கதவு திறந்திருக்கும். எந்தச் சமயத்தவர், எந்தப் பாடசாலை என்று கேட்க மாட்டோம். பயிற்சியின் முடிவில் போதகர் ஒரு செய்தி கொடுக்க வேண்டும் என்றும் சிலர் விரும்புகிறீர்கள். நூல் அறுந்த பட்டம் விழுந்துவிடும், ஆகையால் கீழ்ப்படியுங்கள் என்ற உவமையை நான் இதே பிரசங்க பீடத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இம்முறை சொல்லப்போவதில்லை. வேலையறியும் ஞானத்தைப் பெசலெயேலின் கைகளில் வைத்த தேவன், ஒரு பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்து அது மேலே ஏறுவதைக் கண்டு மகிழ்வதில் பிரியமாயிருக்கிறார் என்று நம்புகிறேன். அந்த மகிழ்ச்சியை நான் குறுக்கிட்டு விளக்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் அந்தச் சிறுவனை அவன் வீட்டிலேயே கண்டு, இம்முறை பணம் இல்லை, பழைய நாளிதழில்தான் கட்டப்போகிறோம் என்று சொன்னேன். மகிழ்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சற்று யோசித்து, “பேப்பர் எண்டால் பாரம் ஐயா. நல்ல காத்து வேணும்,” என்றான். பிறகு, வீட்டுக்குப் பின்னால் தான் தனியே கட்டி வைத்திருந்த பட்டத்தைக் கொண்டுவந்து காட்டினான். முச்சை அளவாய்க் கட்டப்பட்டிருந்தது. சென்ற ஆண்டு நமது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தகுதியான ஒருவனை நாம் படலைக்குள் நிற்க வைத்திருக்கிறோம். இவ்வாண்டு சிறு பிள்ளைகளுக்கு முச்சை கட்டிக் காட்டும்படி அவனையே கேட்டிருக்கிறேன். சம்மதித்திருக்கிறான்.

அன்பின் ஆண்டவரே, எங்கள் ஒழுங்குகளால் உமது பிள்ளைகளில் யாரையேனும் வெளியே நிறுத்தியிருந்தால் எங்களை மன்னியும். வாசலில் நாங்கள் வைத்த மேசைகளை எடுத்துவிடும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.

உங்கள் போதகர்