ஓரவஞ்சனை

சமயம் எதுவாயினும் ஆகுக. எபிரேயரின் ஆதியாகமத்தை ஒரு குடும்பக் கதையாகப் படித்துப் பாருங்கள் என்று நண்பர்களை வேண்டிக்கொள்கிறேன். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்னும் முன்னோர் மூவரும் அங்கே குற்றமற்றவர்களாகக் காட்சியளிக்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களைப் போலவே பிழை செய்கிறார்கள். அந்தப் பிழையும் சொத்தைப் போல வழிவழியாக இறங்குகிறது.

ஈசாக்குக்கு மூத்தவன் ஏசாவின்மேல் பிரியம். ரெபெக்காளுக்கோ இளையவன் யாக்கோபின்மேல். கண் மங்கிய கிழவரை ஏமாற்ற, யாக்கோபின் கைகளில் ஆட்டுக்குட்டித் தோலைப் போர்த்தி அனுப்புகிறாள் தாய். ஆசி கிடைத்தது, வீடு போயிற்று. சில நாள் மாமன் வீட்டில் இருந்துவிட்டு வா என்று அனுப்பப்பட்ட மகன் 20 ஆண்டுகள் கழித்தே திரும்புகிறான். தாய் அவனை மீண்டும் கண்டதாகக் கதை சொல்லவில்லை.

பட்டவன் திருந்தினானா? இல்லை! 12 ஆண்மக்களைப் பெற்ற யாக்கோபு, ராகேலின் மகன் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்து கொடுத்தான். அண்ணன்மார் நெஞ்சு புகைந்தது. விற்றுவிடலாம் என்றவன் யூதா. 20 வெள்ளிக்காசுக்கு விலைபோனான் பிள்ளை. ஆட்டு இரத்தத்தில் தோய்ந்த அங்கி தந்தையிடம் வந்தது. ஆட்டுத் தோலால் ஏமாற்றியவன் ஆட்டு இரத்தத்தால் ஏமாந்தான்.

ஆண்டுகள் பல கழிகின்றன. எகிப்தின் அதிகாரியாய் வீற்றிருப்பவன் யோசேப்பு என்று அறியாமலே அண்ணன்மார் அவன்முன் நிற்கிறார்கள். கடைக்குட்டி பென்யமீன் அடிமையாகும் நிலை. யூதா பேசுகிறான். தன் மனைவி பெற்ற பிள்ளைகள் இருவரே என்று தந்தை சொன்னதை அப்படியே எடுத்துரைக்கிறான். அப்படியானால் லேயாள் மனைவியல்லளா? அவள் வயிற்றில் பிறந்த யூதா பிள்ளையல்லனா? அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்கிறான். தந்தை திருந்தவில்லை, மகன் திருந்தினான்.

யூதாவைப் புகழ்வது எளிது. என்னை உறுத்துவதோ யோசேப்பு. தந்தையின் ஓரவஞ்சனைக்கு அவன் பொறுப்பாளியல்லன். ஆனால் அந்த அங்கியை அணிந்துகொண்டே அண்ணன்மார் ஆடு மேய்த்த இடத்துக்குப் போனானே, அதற்கு யார் பொறுப்பு?

என் வீட்டில் அங்கி எனக்குக் கிடைத்தது. அண்ணன் பள்ளிப் படிப்போடு கடைக்குப் போனார்; நான் இரயிலேறி முதுகலை இயற்பியல் படிக்க வந்தேன். “சின்னவனுக்குத்தான் படிப்பு வரும்” என்று அப்பா சொன்ன அன்று அண்ணன் பேசாமல் இருந்தார். நானும் பேசாமல்தான் இருந்தேன். அவர் மௌனம் பெருந்தன்மை. என் மௌனத்துக்கு என்ன பெயர்?

நண்பர்களே, இந்த விடுதியில் நம்மில் பலர் அங்கி அணிந்தவர்களே. வீட்டுக்கொரு யூதா இருப்பார் என்ற நம்பிக்கையிலேயே காலம் தள்ளலாமா? அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, அப்பாவிடம் மதிப்பெண்ணைச் சொன்னதோடு நிறுத்திவிடாமல் அண்ணனையும் கூப்பிடச் சொல்வோம். கடை எப்படி நடக்கிறது என்று நான் இதுவரை அவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.