குன்றுக்கு ஒரு வாரியம் வேண்டாமா?

மாட்டுப் பொங்கலன்று மகள், மாப்பிள்ளையோடு திருமுக்கூடல் பார்வேட்டைக்குப் போயிருந்தேன். காஞ்சிபுரம் வரதர் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, பாலாற்றைக் கடந்து இங்கே வருவார். பழைய சீவரம், சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்களும் வந்து சேர, அப்பன் வெங்கடேசப் பெருமாளோடு ஐவரையும் ஒரே இடத்தில் சேவிக்கலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் ஊர். சுற்றிலும் நெல் வயல், ஏரி, சின்னச் சின்னக் குன்றுகள்.

திரும்பும் வழியில் ஒரு பெரிய பள்ளம். செங்குத்தான பாறைச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். மாப்பிள்ளை வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்.

“மாமா, கண்டிக்கோட்டை மாதிரியே இருக்கு. இதை விட்டுட்டா கடப்பா வரைக்கும் போனோம்?”

“நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல இது பள்ளம் இல்லை மாப்பிள்ளை. குன்று.”

அவர் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கைப் பெண்ணாறு யுகக்கணக்கில் அறுத்தது. இதை நாம் வெடி வைத்து ஒரு தலைமுறைக்குள் அறுத்துவிட்டோம். நாம் என்றுதான் சொல்கிறேன். என் வீட்டுக் கான்கிரீட்டில் கிடப்பதும் இந்தப் பக்கத்து முக்கால் இஞ்சு ஜல்லிதான். முதலில் பாலாற்று மணலைச் சுரண்டினோம். அது கிடைப்பது அரிதானதும், எம்-சாண்ட் என்று பேர் வைத்துப் பாறையையே பொடியாக்குகிறோம்.

கல் இல்லாமல் வீடு கட்ட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. குவாரி எல்லாவற்றையும் மூடு என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஆற்று மணலை வெள்ளம் கொஞ்சமாவது திருப்பிக் கொண்டுவரும். குன்றை யார் கொண்டுவருவார்? அதன் சரிவில் ஓடிவரும் மழைத் தண்ணீரை நம்பித்தான் கீழே ஏரி. ஏரியை நம்பித்தான் நெல்.

இதே கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டிலேயே இங்கே 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலை. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை பறித்து வர ஆள் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி உடம்பைப் பார்த்துக்கொண்ட ஊரில் இன்று டிப்பர் லாரி கிளப்பும் புழுதியில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள்.

பக்கத்து உத்திரமேரூரில் குடவோலை போட்டு ஏரி வாரியம் அமைத்து ஏரியைக் காத்தார்கள். குடவோலையைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசும் நாம், குன்றுக்கு ஒரு வாரியம் வைத்தோமா?

கேட்கவேண்டியது மூன்றுதான். ஏரிக்குத் தண்ணீர் தரும் குன்றில் வெடி வைக்கக் கூடாது. வெட்டி முடித்த குழிக்கு வேலி வேண்டும். லாரி தார்ப்பாய் போட்டுத்தான் ஓடவேண்டும்.

இந்த ஊர்களில் வாக்கு இருக்கிற என் வயதுக்காரர்களே, அடுத்த கிராம சபைக்குப் போங்கள். கேட்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். நமக்குத்தான் வீட்டுக்கு ஓடவேண்டிய அவசரம் ஒன்றுமில்லையே.