மூன்று சொற்களும் ஒரு கல்வெட்டும்

இதழுக்கென்று தபாலில் வந்து மேஜைமீது குவியும் கட்டுரைகளைப் பிரித்துப் படிக்கும்போதெல்லாம், பண்பாடு, சமூகம், அரசியல் என்ற மூன்று சொற்கள் கல்யாணப் பந்தலில் சந்தனக் கிண்ணம் கைமாறுவதைப்போல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்துகொண்டிருப்பதையும், ஆனால் கிண்ணத்துக்குள் சந்தனம் இருக்கிறதா என்று எவரும் எட்டிப் பார்த்ததாகத் தெரியாததையும் கண்டு, இம்முறை தலையங்கத்தை அச்சொற்களுக்கே ஒதுக்குவதென்று தீர்மானித்தோம். புதிதாக இலக்கணம் வகுத்துக் கொடுக்கும் உத்தேசம் நமக்கில்லை. குரோபர், குளுக்ஹான் என்ற இரண்டு அமெரிக்க மானிடவியலாளர், பண்பாட்டுக்கு அதுவரை அறிஞர்கள் கூறியிருந்த இலக்கணங்களைத் திரட்டி 1952-இல் வெளியிட்டபோது அவை 164 இருந்தன. இன்னொன்று நம்மிடமிருந்து போய்ச் சேராவிட்டால் குறைந்துவிடப் போவது ஒன்றுமில்லை.

1871-இல் எட்வர்டு டைலர் என்ற ஆங்கிலேயர், அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் முதலாக, மனிதன் ஒரு சமூகத்தின் அங்கமாக இருந்து பெறுவன யாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிக் காட்டினார். அதன்படி பார்த்தால் பண்பாடு இல்லாத மனிதக் கூட்டமே கிடையாது. சங்கீத வித்வானுக்கு எவ்வளவு உண்டோ, வலை பின்னுகிறவனுக்கும் எலி பிடிக்கிறவனுக்கும் அவ்வளவு உண்டு. (அவ்வளவு தாராளமாகப் பேசிய டைலரே மனித குலத்தைப் படிப்படியாக அடுக்கி, தம்மவரை உச்சிப்படியில் உட்காரவைத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) இந்தக் கருத்து தமிழுக்கு வந்தபோது நமக்குக் கிடைத்த சொல்லோ 'பண்பு' என்ற வேரிலிருந்து முளைத்தது, அதை வழக்கில் கொண்டுவந்தவர் ரசிகமணி டி. கே. சி. என்று தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை குறித்திருக்கிறார். அழகான சொல்தான், ஆனால் பண்பு என்றாலே நற்பண்பு என்று நம் காதில் விழுவதால், விவரிப்பதற்காக வந்த சொல் பாராட்டுவதற்கே பயன்பட்டு, பண்பாட்டை ஆராயப் புகுந்த கட்டுரை மூன்றாவது பாராவிலேயே வாழ்த்துப்பாவாக முடிந்துவிடுகிறது. கலாசாரம் என்று மாற்றிப் போட்டாலும் உபத்திரவம் தீர்வதில்லை; அதற்குள்ளே ஆசாரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.

சமூகம் என்ற சொல்லின் கதை இதைவிட விசித்திரமானது. பெரிய மனிதருக்கு மனு எழுதுகிறவர் 'தங்கள் சமூகத்துக்கு' என்று எழுதினால் அது சந்நிதானம். பெண் பார்க்க வந்தவர் 'நீங்கள் என்ன சமூகம்?' என்று கேட்டால் அது ஜாதி. மேடையில் ஒருவர் 'சமூகம் திருந்த வேண்டும்' என்று முழங்கினால் அது தம்மைத் தவிர மற்ற எல்லாரும். சமுதாயம் என்ற சொல்லும் நேற்றுப் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ச் சீமையின் கிராமங்களைக் கணக்கெழுதியவர்கள், நிலம் முழுதும் ஒருவருக்கே உரியதாயின் ஏகபோகம் என்றும், பலருக்குத் தனித்தனியே பங்கிட்டிருந்தால் பாலபோகம் என்றும், பங்காளிகள் பொதுவில் வைத்து அனுபவித்தால் சமுதாயம் என்றும் வகைப்படுத்தினார்கள். பொது என்றது மிராசு என்ற பரம்பரை நிலப் பாத்தியதை உள்ளவர்களுக்குள்ளே பொது. அந்த நிலத்தைச் சேற்றில் இறங்கி உழுத பண்ணையாள் அந்தச் சமுதாயத்தில் சேர்ந்தவனல்லன்.

அரசியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருக்குறளின் பொருட்பாலில் இருபத்தைந்து அதிகாரங்களுக்கு உரையாசிரியர் வைத்த தலைப்பு அது. அரசனுடைய இயல்பைச் சொல்வது. அரசர்கள் போய்விட்டார்கள், சொல் மட்டும் சிங்காசனத்தை விட்டு இறங்க மறுக்கிறது. ஏரி மடையை இன்று யார் வயலுக்கு முதலில் திறப்பது என்ற விவகாரமும் அரசியலே என்று சொன்னால், 'இதிலெல்லாம் அரசியல் பண்ணாதீர்கள்' என்று நம்மையே கடிந்துகொள்வார்கள்.

இம்மூன்றும் ஒரே இடத்தில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் காண விரும்புகிறவர், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகளைப் பொறுமையோடு படிக்க வேண்டும். பிரசங்கிகளின் வாயில் இவை 'உலகுக்கே ஜனநாயகம் கற்பித்த' சாசனங்களாகிவிட்டபடியால், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கிற சிரமம் நமக்கு மிச்சமாகிவிட்டது. ஊரைக் குடும்பு என்ற முப்பது பகுதிகளாகப் பிரித்து, தகுதியுடையவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வந்த பெயர்களிலிருந்து சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமர்த்தப்பட்டார்கள். வாக்களித்தவர் எவருமில்லை, இது திருவுளச் சீட்டு. பெயரெழுதப்படுவதற்கோ, இரண்டாம் கல்வெட்டின்படி, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட பிரமதேய ஊரின் சபையாதலால் மற்றவர்களைப் பற்றிய கேள்வியே எழவில்லை. விதியை ஏற்படுத்திய நாளில் அரசனுடைய அதிகாரியும் கூட இருந்தான்.

இதனால் அக்கல்வெட்டின் மதிப்புக் குறைந்துவிட்டதென்று நாம் கருதவில்லை. நம் அபிப்பிராயத்தில் இப்போதுதான் அது வாய் திறந்து பேசவே ஆரம்பிக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மட்டுமன்றி, அவனுடைய தாயின் சகோதரிகளின் மக்கள், அத்தையின் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் என்று ஒரு நீண்ட உறவுப் பட்டியலே விலக்கப்பட்டிருக்கிறது. பொதுப்பணம் எந்த வீட்டு வழியாக எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதை அந்தச் சபையார் நன்றாக அறிந்திருக்கிறார்கள்! உறவுமுறை சமூகம்; பிரமாணத்தைக் கல்லில் வெட்டிக் கோயில் சுவரில் நிறுத்துவது பண்பாடு; யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்று வரையறுப்பது அரசியல். ஒரே வாக்கியத்தில் மூன்றும் இருக்கின்றன, ஒன்றைப் பிரித்தெடுத்தால் மற்ற இரண்டும் அர்த்தமிழந்து போகின்றன. பெருமைக்காக மட்டும் அதைப் படிக்கிறவருக்கு மைத்துனன் கண்ணில் படமாட்டான்.

ஆகையால் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பண்பாட்டின் மாண்பு பற்றிய கட்டுரைகளைச் சிறிது காலம் நிறுத்தி வைத்து, உங்கள் ஊர் ஏரியில் நீர் பாய்ச்சும் முறை யாருக்கு முதலில் வருகிறது, நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள், திருவிழா வரியை எந்தத் தெருவில் வாங்குகிறார்கள், எந்தத் தெருவில் வாங்க மறுக்கிறார்கள், அதற்கு என்ன நியாயம் சொல்கிறார்கள் என்பவற்றை, கண்டது கண்டபடி, கேட்டது கேட்டபடி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறோம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவும்.