காது மிசினை யாருக்காக ஒளிக்கிறோம்?

செவிப்புலன் கருவி விற்கிற விளம்பரங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். போட்டிருப்பது வெளியே தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது என்பதுதான் பெரும்பாலும் முதல் வரி. எவ்வளவு கேட்கும், பழுதானால் யார் திருத்துவது என்பதெல்லாம் கீழே சின்ன எழுத்தில் வரும். குடை விற்கிறவர் “குடை பிடிச்சிருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது” என்று சொன்னால் நாங்கள் சிரிப்போம். காது மிசினுக்கு மட்டும் சிரிப்பதில்லை. லட்சக்கணக்கில் காசை எடுத்துக் கொடுக்கிறோம்.

அந்தக் காசில் பெரும்பகுதி வயது போன ஆக்களின் காதுக்காகக் கட்டப்படுவதில்லை, எங்கட வெட்கத்துக்காகக் கட்டப்படுகிறது. இதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் காதுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வயதோடு வரும் கேட்டல் குறைபாடு மெல்ல மெல்ல, பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும். கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். உயிரெழுத்துகளின் ஓசை தடிப்பானது, அது கேட்கும். ச, க, ப, த போன்ற எழுத்துகளின் கூர்மை மழுங்கிப் போகும். ‘பல்லு’ என்றாலும் ‘கல்லு’ என்றாலும் காதுக்குள் விழுவது ‘அல்லு’தான். “சத்தம் கேக்குது பிள்ளை, என்ன சொல்லுறாய் எண்டுதான் விளங்கேல்லை” என்று அம்மம்மாமார் சொல்வது நூறு வீதம் சரியான விளக்கம். நாங்கள் அதைக் கேட்டுவிட்டு இன்னும் பலமாகக் கத்துகிறோம். கத்தினால் பெருகுவது ஏற்கெனவே கேட்கிற ஓசைதான். அவவுக்கு விளங்குவது எங்களுக்குக் கோபம் வந்திட்டுது என்பது மட்டும்.

இதைச் சின்ன விசயமாக எடுக்க ஏலாது. உலகில் 150 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் கேட்டல் குறைபாடு இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்னது. இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 3 லட்சத்து 89 ஆயிரம் பேர் கேட்பதில் சிரமம் உள்ளவர்களாகப் பதிவானார்கள். மறதி நோய்க்கான, தடுக்கக்கூடிய காரணிகளில் ஒன்றாகக் கேட்டல் குறைபாட்டை லான்செட் ஆணைக்குழு 2017, 2020, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளிலும் வைத்திருக்கிறது. காது மிசின் போட்டால் மறதி வராது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. ஆனால் கதை விளங்காத மனிசர் கலியாண வீட்டுக்குப் போவதை நிறுத்துவார், பிறகு ரெலிபோன் எடுப்பதை நிறுத்துவார், கடைசியில் கதைப்பதையே நிறுத்துவார். இதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை, உங்கட வீட்டு விறாந்தையைப் பார்த்தால் போதும்.

இனி அந்தத் ‘தெரியாத’ மிசினுக்கு வருவோம். காதுக் குழாய்க்குள் முழுதாக இறங்குகிற ரகம் அது. அதில் சிறியவற்றுக்குப் போடுகிற பற்றரி 10 ஆம் நம்பர், மஞ்சள் ஒட்டு ஒட்டினது. விட்டம் 5.8 மில்லிமீற்றர், உயரம் 3.6 மில்லிமீற்றர். சின்னக் குளிசையைவிடச் சின்னன். காற்றால் இயங்குகிற பற்றரி என்பதால் ஒட்டை இழுத்த நிமிடத்திலிருந்து அது தீரத் தொடங்கும். கூடினால் ஒரு கிழமை. பிறகு அதைக் கழற்றி, புதுசின் ஒட்டை உரித்து, பக்கம் பார்த்துப் போடவேண்டும். இதைச் செய்யவேண்டியவர் யார்? சீனி வருத்தத்தால் விரல் நுனி மரத்துப்போன 78 வயது மனிசர். வாதத்தால் விரல் மடியாத ஒரு அம்மா. கண்ணில் வெண்புரை வேற. பற்றரி நிலத்தில் விழுந்தால் தேடி எடுக்கவே பேரப்பிள்ளை வேணும். பேரப்பிள்ளை கனடாவில.

கதை இதோடு முடியவில்லை. மிசின் குழாய்க்குள் இருப்பதால் காதுக்குடுமி நேரே அதன் வாயை அடைக்கும். எங்கட ஊர் வெக்கையும் வியர்வையும் சேர்ந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். குழாய் அடைபட்டதால் தன் குரலே பானைக்குள் கதைப்பது போலக் கேட்கிறது என்று பலர் கழற்றி வைப்பார்கள். முன்னால் நிற்பவரின் குரலைப் பிரித்தெடுக்க மிசினுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிவாங்கி தேவை, மிகச் சிறியவற்றில் பெரும்பாலும் அதற்கு இடமில்லை. கோயில் வீதியிலும் மண்டபத்திலும் தேவைப்படுவதே அதுதான். கேட்டல் மிகவும் குறைந்தவருக்கு அந்தச் சின்னப் பெட்டியின் வலுவும் காணாது. கூட்டி வைத்தால் ‘கூ’ என்று கத்தும். ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று வாங்கியது ஊருக்கே கேட்கும்.

கடைசியில் அது அலுமாரி லாச்சிக்குள் போகும். அங்கே உண்மையிலேயே ஒருத்தருக்கும் தெரியாது.

காதுக்குப் பின்னால் வைக்கிற ரகத்தையும் பாருங்கள். பற்றரி பெரிசு, பிடிக்கலாம். இப்போது பலதை ரெலிபோன் மாதிரி இரவில் சார்ஜ் பண்ணி வைக்கலாம். மெல்லிய வயர் மட்டும் காதுக்குள் போகிற ரகத்தில் குழாய் முழுதாக அடைபடாது. உயர்ந்த ஒலி மட்டும் போனவருக்கு அது நல்ல பொருத்தம். தலைமயிர் மறைத்தால் அதுவும் அவ்வளவாகத் தெரியாது. பிரித்தானியாவில் அரசு மருத்துவ சேவை இலவசமாகக் கொடுப்பதும் பெரும்பாலும் காதுக்குப் பின்னால் வைக்கிற ரகத்தைத்தான். ஆனால் லண்டனிலிருந்து பிள்ளை காசு அனுப்பும்போது சொல்வது, “தெரியாத மாதிரி நல்லதா ஒண்டு எடுங்கோ” என்று.

“தெரிகிற மாதிரி இருந்தால் அவை போடமாட்டினம்” என்பது வழமையான பதில். இது பொய்யில்லை. பல முதியவர்களுக்கு அந்த வெட்கம் இருக்கிறது. ஆனால் அது எங்கேயிருந்து வந்தது? பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பிழையாகப் பதில் சொன்னவனை “செவிடா” என்று கூப்பிட்டது யார்? எங்கட சினிமாவில் காது கேளாத பாத்திரம் வந்தால் சிரிக்க மட்டும்தானே வரும்? தாத்தா பிழையாக விளங்கிக்கொண்டு சொன்ன மறுமொழியை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறது யார்? வெட்கத்தை ஊட்டியதும் நாங்கள், இப்போது அதை மறைக்க மிசின் தேடுவதும் நாங்கள்.

ஒளிப்பது பழைய வழக்கம்தான். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கல் மன்னர் ஆறாம் ஜோவாவோவுக்கு ஒரு சிம்மாசனம் செய்தார்கள். கைபிடியில் செதுக்கிய சிங்கங்களின் வாய்க்குள் கதைத்தால் சத்தம் குழாய் வழியாக அவரது காதுக்குப் போகும். பார்க்க வந்தவர்கள் முழந்தாளில் நின்று சிங்கத்தின் வாய்க்குள் கதைத்தார்கள். ராசாவின் குறையை மறைக்க மற்றவர்கள் முழந்தாளிட்டார்கள். எங்கட வீட்டுக் கிழவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய குறையை மறைக்க அவரேதான் கஷ்டப்படவேண்டும். 1983 இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் பகிரங்கமாகக் காது மிசினோடு வந்தபோது நடந்தது வேறு. அதன்பிறகு அங்கே விற்பனை கூடியது. ஒருவர் ஒளிக்காமல் போட்டால் மற்றவர்களுக்கும் துணிவு வரும்.

இன்னொன்று. பஸ்ஸில் போகும்போது உங்கட காதைப் பாருங்கள். வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறதல்லவா? 2024 செப்ரெம்பரில் அப்பிளின் எயார்பொட்ஸ் புரோ 2 ஐ, லேசான முதல் நடுத்தர அளவுக் கேட்டல் குறைபாட்டுக்குச் செவிப்புலன் கருவியாகப் பாவிக்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அதே பொருள், அதே காது. இருபது வயதில் போட்டால் பாஷன், எழுபதில் போட்டால் மானக்கேடா?

எங்கட தலைமுறை இதை இன்னொரு காரணத்துக்காகவும் யோசிக்கவேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் இன்று எழுபது வயதில் இருப்பவர்கள் ஷெல்லுக்கும் குண்டுவீச்சுக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள். பெருஞ்சத்தம் உள்காதின் நுண்மயிர்க் கலங்களைக் கொல்லும். மனிதரில் அவை திரும்ப முளைப்பதில்லை. கால் போனது கண்ணுக்குத் தெரியும், கேட்டல் போனது தெரியாது. அந்தத் தெரியாத இழப்புக்கு இன்னொரு தெரியாத பெட்டியை வைத்து மூடுவது சரியா?

ஆகவே மிசின் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்கு முதல் ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குப் போங்கள். சில வேளை குடுமியை எடுத்தாலே பாதிக் கதை முடியும். இரண்டு காதுக்கும் கேட்டல் பரிசோதனை செய்து வரைபடத்தைக் கையில் வாங்குங்கள். காசில்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேட்கலாம். கடையில் பற்றரியைப் போடுவதும் மிசினைக் காதில் வைப்பதும் விற்பனையாளரோ நீங்களோ இல்லை, போடப்போகிறவரே செய்து காட்டவேண்டும். மூன்று தரம் செய்ய ஏலாவிட்டால் அது அவருக்கான மிசின் இல்லை. போட்டுப்பார்த்துத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், திருத்த யாழ்ப்பாணத்தில் ஆள் இருக்கா, ஒவ்வொரு முறையும் கொழும்புக்கு ஓடவேணுமா என்று கேளுங்கள். பழக வாரங்கள் எடுக்கும், அதுவரை பக்கத்தில் இருங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், விரல் வசதியாக இருக்கிற, குறைபாடு குறைந்த ஒருவர் “எனக்கு உள்ளே போடுகிறதுதான் விருப்பம்” என்றால் வாங்கிக் கொடுங்கள். அவருடைய காது, அவருடைய முடிவு. நான் எதிர்ப்பது அந்த முடிவை அவருக்காக நாங்கள் எடுப்பதை.

மிசின் தெரிந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. முன்னால் நிற்கிறவர் அதைக் கண்டு முகத்தைத் திருப்பி, ஆறுதலாக, தெளிவாகக் கதைப்பார். மிசின் தெரியாத இடத்தில் அந்த மரியாதையும் வராது. அதைக் கொடுக்கப் பழகவேண்டியது நாங்கள். மற்ற அறையிலிருந்து கத்தாமல், எழும்பிப் போய் முன்னால் இருந்து, “அம்மம்மா, இப்ப விளங்குதேணை?” என்று கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.