கையை எடுத்தால் அணையும் அடுப்பு

சில மாதங்களுக்கு முன் என் அம்மா வீட்டு கேஸ் அடுப்பில் ஒரு பக்கம் தகராறு செய்யத் தொடங்கியது. திருகியை அழுத்தித் திருப்பினால் தீ பற்றும். கையை எடுத்தால் அணைந்துவிடும். அம்மா பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தார். அவர் கால் மணி நேரத்தில் வேலையை முடித்து, 60 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். "இப்ப நல்லா எரியுதுப்பா" என்று அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

அடுத்த முறை நான் போயிருந்தபோது, தேநீருக்கு வைத்த பால் பொங்கி வழிந்து அந்த அடுப்பை அணைத்துவிட்டது. முன்னறையில் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு அது தெரியவில்லை. வாடை வந்த பிறகுதான் ஓடினோம். அடுப்பில் தீ இல்லை. வாயு மட்டும் 'உஸ்' என்று வந்துகொண்டிருந்தது. தோம்பின் வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, மின்விசிறி சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே நின்றோம். நம் வீடுகளில் பயன்படும் சமையல் வாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். காற்றில் சுமார் 2 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு சிறு பொறியில் தீப்பற்றும்.

மறுநாள் வேறொருவர் வந்து அடுப்பைத் திறந்து பார்த்தார். முதலில் வந்தவர் பழுதைச் சரிசெய்யவே இல்லை. பாதுகாப்பு வால்வு மூடாதபடி செய்துவிட்டுப் போயிருக்கிறார்!

அந்த வால்வு என்ன செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் வீட்டு அடுப்பின் பர்னர் ஓரத்தில் இரண்டு சிறு கம்பிகள் நிற்கலாம். வெள்ளைப் பீங்கான் உறை போட்டது பொறி தருவது. மற்றொன்று தெர்மோகப்பிள், தமிழில் வெப்ப மின்னிரட்டை. இருவேறு உலோகங்களை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். இந்த விளைவை 1821இல் கண்டவர் தாமஸ் சீபெக். அடுப்புத் தீயில் கிடைப்பது 20, 30 மில்லிவோல்ட்தான். சுவர்க் கடிகார பேட்டரியின் 1.5 வோல்ட்டில் இது ஐம்பதில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு.

இவ்வளவு சிறிய மின்சாரத்தால் இயங்கும் மின்காந்தத்துக்கு வால்வை இழுத்துத் திறக்கும் வலு கிடையாது. திறந்திருப்பதைப் பிடித்துவைக்க மட்டுமே முடியும். திறப்பது உங்கள் கைதான். திருகியைச் சில வினாடிகள் அழுத்திப் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான். அதற்குள் முனை சூடேறி, மின்காந்தம் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். தீ அணைந்தால் முனை ஆறும், காந்தம் விடும், வால்வு மூடும். பேட்டரியும் வேண்டாம், கணினியும் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த கருவிகளில் இது ஒன்று.

குளிர் நாடுகளில் அறையைச் சூடாக்கும் கேஸ் கணப்புகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். அங்கே பைலட் எனும் சிறு தீ எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். தெர்மோகப்பிள் அதற்குள் முனையை நீட்டியபடி நிற்கும். அந்நாட்டவர் அடிக்கடி சொல்லும் குறையும் அம்மா சொன்னதுதான்: பைலட் பற்றுகிறது, பொத்தானை விட்டால் அணைகிறது.

இப்படி ஒரு குறை வந்தால் கருவியைப் பிரிப்பதற்கு முன் கேள்விகளைப் பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலில், பொறி வருகிறதா? வரவில்லை என்றால் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அல்லது அடுப்பைக் கழுவிய ஈரத்தில் பொறி வழி மாறிப் போயிருக்கலாம். பொறி வந்தும் தீ இல்லையா? அப்படியானால் வாயு வரவில்லை: தோம்பு காலி, ரெகுலேட்டர் மூடியிருக்கிறது, பர்னர் மூடி சரியாக உட்காரவில்லை, இவற்றில் ஒன்று. தீ பற்றிவிட்டு, கையை எடுத்ததும் அணைகிறதா? அப்படியென்றால் பொறியும் நலம், வாயுவும் நலம். சந்தேகப்பட வேண்டியது தெர்மோகப்பிளையும் அதன் காந்தத்தையும் மட்டும். அதிலும் விலை குறைந்த காரணத்திலிருந்து தொடங்குவதே முறை. போதுமான நேரம் அழுத்தினோமா? முனை தீக்குள் இருக்கிறதா? முனையில் அழுக்கு படிந்திருக்கிறதா?

அம்மா வீட்டில் நடந்தது கடைசியாகச் சொன்னதுதான். பொங்கி வழிந்த சாம்பாரும் எண்ணெயும் கருகி, முனைமேல் ஓடுபோலப் படிந்திருந்தன. சூடு உள்ளே ஏறவில்லை. ஆறிய அடுப்பில் மெல்லிய உப்புத்தாளால் துடைத்திருந்தால் தீர்ந்திருக்கும். இப்போது வால்வையே மாற்ற வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பழுது பார்ப்பவர்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. 'எரிய வேண்டும்' என்பதுதான் அம்மா கேட்டது, அது எரிந்தது. ஏன் அணைகிறது என்று அம்மாவும் கேட்கவில்லை, தொலைபேசியில் செய்தி கேட்ட அறிவியல் ஆசிரியரான நானும் கேட்கவில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மாணவர்களிடம் கொடுக்கும் சுற்றுகள் எல்லாம் பல்பு எரிபவை. எரியாத சுற்றைக் கொடுத்துக் காரணம் கேட்பது அரிது. இந்தத் தவணையில் நான் வேண்டுமென்றே ஒரு கம்பி அறுந்த சுற்றுகளைக் கொடுத்துப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் வகுப்பில் ஒரே கூச்சல். "சார், இது கெட்டுப்போச்சு" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலையாக இருக்கலாம். வாயு போகும் குழாயையும் வால்வையும் திறப்பது தகுதி பெற்ற தொழிலாளியின் வேலை. வாடை வந்தால் கேள்விகளும் வேண்டாம். தோம்பை மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

உங்கள் அடுப்பில் அந்த இரண்டாவது கம்பி இருக்கிறதா என்று இன்று பாருங்கள். பழைய மேசை அடுப்புகள் பலவற்றில் அது கிடையாது. இருந்தால், அம்மா சமைத்து முடித்துத் திருகியை மூடியதும் பக்கத்தில் நின்று காது கொடுங்கள். முனை ஆறி, காந்தம் வால்வை விடும்போது 'டக்' என்று மெல்லிய ஒலி வரும். சில அடுப்புகளில் அது காதில் விழாது. அதனால் பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அம்மா வீட்டு அடுப்பில் இப்போது தெளிவாகக் கேட்கிறது.