கொடுத்தவளின் கூடையை யார் சுமப்பது?

'தனக்கு மிஞ்சியே தானமும் தருமமும்' என்பது நம் முன்னோர் வாக்கு. பொன்னுக்கும் நெல்லுக்கும் சொல்லப்பட்ட இவ்வார்த்தை இந்நாளில் மனித உடலுக்கும் பொருந்துவதாயிற்று. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த ஒருவருக்கு, உயிரோடிருக்கும் இன்னொருவர் தம்முடைய இரண்டில் ஒன்றை ஈந்து வாழவைக்க முடிகிறது. மலைநாட்டுத் தோட்டங்களிலும் இக்கேள்வி சில குடும்பங்களின் வாசலில் வந்து நிற்கத்தான் செய்கிறது. கண்டிக்குக் கிளினிக் போய்த் திரும்பிய தம்பி, "வீட்டில் யாராவது கிட்னி கொடுக்க முடியுமா என்று டாக்டர் கேட்டார், அக்கா" என்று தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, லயத்துச் சிற்றறையில் பேச்சு அடங்கிவிடுகிறது.

'யார் கொடுப்பது?' என்ற வினாவுக்கு எப்படியோ விடை கிடைத்துவிடும். தாயோ தமக்கையோ மனைவியோ முன்வந்து நிற்பாள். உலகெங்கும் உயிரோடிருந்து சிறுநீரகம் ஈவோரில் பெண்களே மிகுதி என்பது கணக்கெடுத்துக் கண்ட உண்மை. ஆனால் அடுத்த வினாவை நாம் கேட்பதில்லை. கொடுத்தவள் தேறி எழுந்து மீண்டும் மலைக்குப் போகும் வரையில் அவள் கூடையை யார் சுமப்பது? இவ்வாரம் அதனையே சிந்திப்போம்.

இச்சிகிச்சை முதன்முதலில் நிலைத்த வெற்றி கண்டது 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில். ரிச்சர்ட் ஹெரிக் என்ற இளைஞர் சிறுநீரக நோயால் சாகும் தறுவாயில் இருந்தார். அவருடன் ஒரே கருவில் உருவான இரட்டையரான ரொனால்ட், தம் சிறுநீரகம் ஒன்றைத் தர இசைந்தார். நோயாளிக்கு அதைப் பொருத்திய டாக்டர் ஜோசப் மரே 1990-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். ரொனால்டின் உடலிலிருந்து அதை எடுத்தவர் டாக்டர் ஹார்ட்வெல் ஹாரிசன். அவரை உலகம் அவ்வளவாக அறியாது. கொடுத்தவர் பக்கம் நிற்பவர்களின் கதி அதுதான் போலும்!

சிகிச்சைக்கு முன் ரொனால்ட் ஒரு கேள்வி கேட்டார். சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டால், இனி வாழ்நாள் முழுவதும் தம் உடல்நலத்துக்கு இந்த வைத்தியசாலை பொறுப்பேற்குமா என்பதே அது. அப்படி உறுதி தர இயலாது என்றார் ஹாரிசன். ஆனால் உடனே, உனக்கு உதவி தேவைப்படும்போது இவ்வறையில் உள்ள எவராவது மறுப்பார் என்று நினைக்கிறாயா எனத் திருப்பிக் கேட்டாராம். ரிச்சர்ட் மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். ரொனால்டோ ஆசிரியராகவும் விவசாயியாகவும் உழைத்து, 2010-ஆம் ஆண்டில் தமது 79-ஆம் வயதில் காலமானார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு 56 ஆண்டுகள்!

ஆகவே 'மிஞ்சியது' என்பதை உணர்ச்சியால் அளக்கலாகாது; சோதனையால் அளக்க வேண்டும். இரத்த வகை, திசுப் பொருத்தம், சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், மஞ்சட்காமாலைக் கிருமிகள், காசநோய், இருதயம், சிறுநீரக இரத்தக் குழாய்களின் அமைப்பு என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இதற்கு வாரங்களும் ஆகலாம்; மாதங்களும் ஆகலாம். கண்டித் தேசிய வைத்தியசாலைக்குப் பல தடவை போய் வர நேரிடும். நீரிழிவோ, அடங்காத இரத்த அழுத்தமோ இருந்தால் வைத்தியர் மறுத்துவிடுவார். அம்மறுப்பும் ஒரு காப்பே.

தோட்டத்துப் பெண்களிடையே இரத்தசோகை மிகுதி. அதை முன்னரே சரிசெய்ய வேண்டும். கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் தினமும் அவள் தட்டில் விழட்டும். வீட்டார் உண்டு மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தை அக்காலத்திலாவது கைவிடட்டும். புகைப்பதையும் வெற்றிலையோடு புகையிலை மெல்லுவதையும் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை உட்கொள்பவர் அதை வைத்தியரிடம் மறைக்கலாகாது. சத்திரசிகிச்சையின்போது இரத்தம் உறைவதற்கு அது ஏதுவாகலாம்.

இன்னொன்றும் முக்கியமானது. 'மனமில்லை' என்று சொல்லும் உரிமை கடைசி நிமிடம் வரை அவளுக்கு உண்டு. வீட்டார் எதிரில் அதைச் சொல்ல நா எழாதென்றால் வைத்தியரிடம் தனியே சொல்லலாம். 'இவர் கொடுப்பதற்குத் தகுதியில்லை' என்று மட்டும் குடும்பத்தாரிடம் கூறி, காரணத்தை வெளியிடாமல் காப்பது வைத்திய உலகில் உள்ள வழக்கம். மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பது ஈகையாகுமா?

இனிச் சத்திரசிகிச்சை. இந்நாளில் வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கருவிகளைச் செலுத்தி, அடிவயிற்றில் ஒரு சிறு வெட்டின் வழியே சிறுநீரகத்தை எடுக்கும் முறை பரவியுள்ளது. பழைய பெரிய வெட்டு முறையும் சில இடங்களில் உண்டு. முன்னதில் மூன்று, நான்கு நாட்களில் வீடு திரும்பலாம். பின்னதில் ஒரு வாரம் வரை ஆகும். உயிராபத்து பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய மூவருக்கு. இது மிகச் சிறியதே. ஆயினும் இல்லையென்று சொல்ல முடியாது. இரத்தப்போக்கு, புண்ணில் சீழ், காலில் இரத்தக்கட்டி ஆகியவையும் சிலருக்கு நேரும். அதனாலேயே மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டால் வலி குறையும்.

வீடு திரும்பும் பயணத்தையும் எண்ண வேண்டும். கண்டியிலிருந்து ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வரும் பாதையின் வளைவுகளில், நெரிசல் மிக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வருவது புதிய தையலுக்கு ஆகாது. வாடகை வண்டிக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைக்கவேண்டும்.

கதிரையில் அமர்ந்து எழுதும் உத்தியோகத்தர் மூன்று, நான்கு வாரங்களில் வேலைக்குத் திரும்பிவிடலாம். கொழுந்து பறிப்பவளுக்கு அக்கணக்கு ஒவ்வாது. ஆறு வாரங்களுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கலாகாது. தூக்கினால் உள்ளே ஆறாத தசை பிரிந்து குடலிறக்கம் காணலாம். நிறைகுடத்துத் தண்ணீர் ஐந்து கிலோவைத் தாண்டும். விறகுக் கட்டு தாண்டும். இடுப்பில் ஏறத் துடிக்கும் இரண்டு வயதுப் பிள்ளையும் தாண்டும். பதினெட்டு கிலோ கொழுந்தை முதுகில் தாங்கி, மழையில் வழுக்கும் சரிவில் ஏறி இறங்குவதற்கு மூன்று மாதமேனும் செல்லவேண்டும். அதுவும் வைத்தியர் பார்த்து அனுமதித்த பின்னரே.

மலைக்குப் போகாத நாளுக்குப் 'பேர்' இல்லை. பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை. நோயாளியான தம்பியும் வேலைக்குப் போக இயலாதவன். ஒரே சமயத்தில் இரு சம்பளங்கள் நின்றுபோகும் இவ்வீட்டில், ஐந்தாம் வாரமே அவள் கூடையைத் தேடி எழுந்துவிடுவாள். அவளைத் தடுக்க அறிவுரை போதாது, ஏற்பாடு வேண்டும்.

உறுப்பு கைமாறியபின் கொடுத்தவரைப் பார்ப்பாரில்லையேல் என்னாகும் என்பதற்குச் சென்னைப் பட்டணமே சாட்சி. அங்கே பணத்துக்குச் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-ஆம் ஆண்டில் கண்டு விசாரித்து எழுதிய ஆய்வொன்று மறு ஆண்டு அமெரிக்க வைத்திய சஞ்சிகையில் வெளியாயிற்று. நூற்றுக்கு 96 பேர் கடனடைக்கவே விற்றிருந்தனர். விற்றபின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்திருந்தது. நால்வரில் மூவர் இன்னமும் கடனிலேயே இருந்தனர். உடல்நிலை முன்னையிலும் தாழ்ந்துவிட்டதாகக் கூறியோர் நூற்றுக்கு 86 பேர். உடலுழைப்பே முதலானவருக்கு உடலைக் காக்க ஆளில்லையேல் முதலும் போயிற்று, வட்டியும் நின்றது. இலங்கையில் 1987-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம் மனித உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கிறது. வறுமையைக் கண்டு தேடிவரும் தரகரை வாசலிலேயே திருப்பியனுப்புங்கள்.

அன்பினால் கொடுப்பவளுக்கு அக்கதி நேராதிருக்க வழியுண்டு. கையொப்பமிடுவதற்கு முன் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து ஒரு தாளில் எழுதட்டும்: மூன்று மாதம் தண்ணீர் எடுப்பவர் யார்? விறகு பிளப்பவர் யார்? பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு அழைத்து வருபவர் யார்? கிளினிக்குக்குத் துணை போகிறவர் யார்? அரிசிக்கும் மாவுக்கும் பணம் எங்கிருந்து? மூன்று மாதத்துக்குப் பின் கொஞ்சக் காலம் இலகுவான வேலை தரும்படி தோட்ட நிருவாகத்தை முன்னதாகவே எழுத்தில் கேட்கலாம். தொழிற்சங்கத் தலைவரையும் உடன் அழைக்கலாம். சாவு வீட்டுக்குப் பணம் திரட்டும் மரணாதாரச் சங்கம், ஓர் உயிரைக் காத்தவளுக்கும் திரட்டலாகாதா? பக்கத்துக் காம்பராப் பெண்கள் வாரத்துக்கொருவராய்த் தண்ணீர் சுமந்தால் ஆறு வாரம் பறந்துவிடாதா?

எஞ்சிய சிறுநீரகம் சற்றே பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தானே செய்யும். நல்வாழ்வுக்கு அது போதும். பிற்காலத்தில் அதுவும் செயலிழக்கும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவே. ஆனால் ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும், சிறுநீர்ப் புரதமும், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவும் பார்த்துவர வேண்டும். முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் டிக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கலாகாது. அவை சிறுநீரகத்துக்குப் பகை. பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்திருப்பது நலம். கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயரும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாதலால், தான் சிறுநீரகம் ஈந்தவள் என்பதை மருத்துவிச்சியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

உடலைப் போலவே உள்ளமும் தேறவேண்டும். சிகிச்சை முடிந்ததும் ஊரார் கண்களெல்லாம் பெற்றவர்மீதே படியும். கொடுத்தவள் மூலையில் படுத்திருப்பாள். காரணமின்றிக் கண்ணீர் வரும். அது பலருக்கும் நேர்வதே. அப்போது அருகிலமர்ந்து நாலு வார்த்தை பேசுவது மருந்தைப் போன்றது. பெற்றவரும் தம் மாத்திரைகளை ஒரு வேளையும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். தமக்கைக்கு அவன் செலுத்தும் நன்றி அதுவே.

சிறுநீரகத்தை ஒருவர்தான் கொடுக்க முடியும். ஓய்வையோ குடும்பம் முழுவதும் சேர்ந்தால்தான் கொடுக்க முடியும். பொஸ்டனில் ரொனால்ட் கேட்ட அந்தக் கேள்விக்கு, நம் லயத்து அறையில் கூடியிருப்போர் ஒவ்வொருவரும் விடை சொல்லியாக வேண்டும். விடை கிடைத்த பின்னரே அவள் கையொப்பம் இடட்டும்.