வீசி எறியும் வில்லையல்ல ஆங்கிலம்

கொச்சியின் மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலை என்பது ஓர் உலோக வில்லையாக இருந்தது. ‘சாப்பா’ என்று அதற்குப் பெயர். ஒப்பந்தக்காரரின் ஆள் அதைக் கூட்டத்தின் நடுவே விட்டெறிவான். முண்டியடித்துப் பிடித்தவனுக்கு அன்றைய கூலி உண்டு. பிடிக்க முடியாதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. இந்த இழிமுறையை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள்மீது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆண்டணி ஆகிய மூவர் அப்போராட்டத்தில் உயிர்நீத்தனர்.

சாப்பா முறை ஒழிந்தது. ஆனால், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பயிலும் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலம் இன்றும் அந்த வில்லையைப் போலத்தான் வீசப்படுகிறது. வீட்டில் நூல்களும் தனிப்பயிற்சிக்குப் பணமும் உள்ள பிள்ளை அதைப் பிடித்துக்கொள்கிறது. மற்ற பிள்ளைகள் விடைகளை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெறுகிறார்கள். பத்தாண்டுகள் படித்தும் ஒரு கேள்வியை அம்மொழியில் துணிந்து கேட்க அவர்களுக்கு நா எழுவதில்லை. நாடகம், பாடல், ஓவியம், திரைப்படம் ஆகிய கலைகள் ஆங்கில வகுப்பிற்குள் வரவேண்டும் என்ற கோரிக்கையை இந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். அது வகுப்பைச் சுவையாக்கும் உத்தி மட்டுமல்ல. பறிக்கப்பட்ட குரலை மீட்டுக் கொடுக்கும் வழி.

கேரளம் இத்திசையில் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. 2025இல் புதிய நூல் வரும்வரை அங்குப் பயன்பட்ட பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் திரைக்கலைக்கென ஓர் அலகு இருந்தது. புலியை வைத்துப் படம்பிடித்த அனுபவத்தைச் சத்யஜித் ராய் எழுதிய கட்டுரை, ஒரே இணைக் காலணியை அண்ணனும் தங்கையும் மாறிமாறி அணியும் மஜீத் மஜீதியின் ஈரானியப் படத்தின் திரைக்கதைப் பகுதி, பாப் டிலனின் பாடல் ஆகியவை அதில் இடம்பெற்றன. ஏழைப் பிள்ளையின் காலணியும் பாடப்பொருள் ஆகலாம் என்று ஓர் அரசுப் பாடநூல் ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியல்ல.

இதன் அடுத்த அடியை மட்டாஞ்சேரியே காட்டுகிறது. சாப்பா போராட்டத்தைக் கே.எம். சிதம்பரன் ‘துறைமுகம்’ என்னும் நாடகமாக எழுதினார். ராஜீவ் ரவியின் இயக்கத்தில் அது 2023இல் திரைப்படமாகவும் வந்தது. இவ்வூர் மாணவர்கள் தங்கள் வீட்டு முதியவர்களிடம் மலையாளத்திலோ தமிழிலோ கொங்கணியிலோ கேட்டறிந்ததை ஆங்கிலத்தில் ஒரு காட்சியாக எழுதி நடிக்கட்டும். மேடைக் குறிப்பு நிகழ்காலத்தைக் கேட்கும். மறுநாள் செய்தியறிக்கை இறந்தகாலத்தைக் கேட்கும். ஒப்பந்தக்காரனின் அதட்டலும் தொழிலாளியின் எதிர்க்கேள்வியும் வெவ்வேறு வாக்கிய அமைப்புகளைக் கேட்கும். இலக்கணம் அங்கே தேவையாக வந்து சேர்கிறது. தாய்மொழியும் வெளியே நிறுத்தப்படுவதில்லை; ஆங்கிலத்திற்குச் சரக்கு அதிலிருந்துதான் வருகிறது.

தேர்வுக்கு இது உதவுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கேரளத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு உரையாடல், நாட்குறிப்பு, செய்தியறிக்கை ஆகியவற்றை எழுதச் சொல்கிறது. நடித்துப் பழகிய பிள்ளைக்கு இவை அந்நியமானவை அல்ல.

ஆனால், கலை என்ற பெயரில் வருவதையெல்லாம் வரவேற்க முடியாது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கலை ஒருங்கிணைந்த கல்வி பற்றிப் பேசுகிறது. ‘இந்தியப் பண்பாட்டு நெறி’யை மாணவர் உள்வாங்குவதற்கான கருவியாகவும் அது கலையைக் காண்கிறது. எது இந்தியப் பண்பாடு என்பதை யார் முடிவுசெய்வது? சுமைதூக்கியின் பாட்டுக்கு அதில் இடமுண்டா? மறுபுறம், பி.எம். ஸ்ரீ திட்டத்தில் சேரவில்லை என்று காரணம் காட்டிக் கேரளத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் உரிய சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. நிதியை மறுத்துவிட்டுக் கலையைப் போதிப்பது வெறும் அலங்காரப் பேச்சு.

விழாக்கள் மட்டுமே தீர்வாகிவிடா. 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலைவிழா பெருமைக்குரியதே. எனினும், ஆடைக்கும் பயிற்சியாளருக்கும் செலவழிக்க முடிந்தவர்களுக்குப் போட்டி மேடை எளிதில் வசப்படுகிறது. வகுப்பறையில் நிகழும் கலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதற்குத் தேவை ஆசிரியர்கள். தமிழ்நாட்டில் ஓவியம், இசை முதலிய பாடங்களுக்காக 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கோரி ஆண்டுக்கணக்கில் போராடி வந்திருக்கிறார்கள்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை: ஒவ்வோர் அரசு உயர்நிலைப் பள்ளியிலும் கலை ஆசிரியருக்கு நிரந்தரப் பணியிடம், ஆங்கில ஆசிரியர்களுக்கு நாடகப் பயிற்சி, கால அட்டவணையில் அதற்கென நேரம், உள்ளூர்க் கலைஞர்களுக்கு உரிய ஊதியம். ஆசிரியர் சங்கங்களும் மாணவர், வாலிபர் அமைப்புகளும் இவற்றைப் பெற்றோர் கூட்டங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சாப்பாவை ஒழித்தது எவருடைய கருணையும் அல்ல, அணிதிரண்ட கோரிக்கையே.